எரிவதைப் பிடுங்கினால்

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த ப்ராஜெக்ட், சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளப்பது. பெயர்தான் பெரிது, வேலை கிட்டத்தட்ட சமையல். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் அமிலம் ஊற்றிப் புரதத்தைத் திரிய வைக்க வேண்டும். அதோடு தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்து, டெஸ்ட் ட்யூப் வாயில் ஆளுக்கொரு கோலிக்குண்டு வைத்து மூடி, கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்த வேண்டும். கோலிக்குண்டுகள் மெல்ல ஆடிச் சத்தம் போடும். எடுத்து ஆறவைத்தால் ட்யூபுக்குள் ரோஸ் நிறம். எந்த அளவுக்கு ரோஸோ, அந்த அளவுக்கு அந்த உடம்பின் கொழுப்பு ஆக்சிஜனால் கெட்டிருக்கிறது என்று கணக்கு.

காறிப்போன எண்ணெயைக் கண்டுபிடிக்க உணவுப் பரிசோதனைக் கூடங்களில் செய்கிற சோதனையும் இதேதான். எண்ணெய் காறும்போது என்ன நடக்கிறதோ, அதற்கு நெருக்கமான ஒன்றுதான் நம் செல்களைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்விலும் நடக்கிறது. அப்போது மிஞ்சுகிற மாலோன்டையால்டிஹைடு என்ற பொருள்தான் இந்த நிறத்தைக் கொடுக்கிறது. ரொம்பத் துல்லியமான சோதனை இல்லை. வேறு சில பொருள்களும் இதே நிறத்தைக் காட்டும். ஆனால் செலவு குறைவு. எங்கள் கல்லூரிக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

ஒரு நாள் கைடு மேடத்திடம் கேட்டுக்கொண்டு, கணக்கில் சேர்க்காமல், அப்பாவின் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் பக்கத்துப் பக்கத்து ட்யூபில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது லேசாக வெளுத்த ரோஸ். அப்பாவுடையது செம்பருத்திப் பூவைத் தண்ணீரில் கசக்கின மாதிரி. ஸ்டாண்டிலிருந்து அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அப்பா டெய்லர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சின்னக் கடை, மிதி மெஷின். அப்போது அவருக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். மிதிக்கும்போது கால் எங்கே இருக்கிறதென்று குனிந்து பார்க்க ஆரம்பித்திருந்தார். அதற்கு முந்தைய வருடம் நெஞ்சுவலி வந்து, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. ஒரே நோய் கண்ணுக்கும் காலுக்கும் இதயத்துக்கும் எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு அந்த ரோஸ் நிறம் பதில் சொல்வதாக எனக்குப் பட்டது.

அது முழுக்கத் தப்பும் இல்லை. இந்தத் துறையின் கதை அப்படித்தான் வளர்ந்தது. 1954-இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபேகா கெர்ஷ்மன், அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வேலை செய்தபோது, அளவுக்கு மீறிய ஆக்சிஜன் உடம்பைக் கெடுப்பதும் எக்ஸ்ரே கதிர் கெடுப்பதும் ஒரே வழியில்தான் என்று எழுதினார். இரண்டிலும் ஃப்ரீ ராடிக்கல் என்கிற, ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு அலைகிற துகள்கள் உண்டாகின்றன. பாடப்புத்தகத்தில் தனி உறுப்பு என்று படித்திருப்போம். ஜோடி தேடி, பக்கத்தில் இருக்கும் கொழுப்பிலோ புரதத்திலோ டி.என்.ஏ.விலோ கைவைக்கும். டென்ஹாம் ஹார்மன் என்பவர் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்துவிட்டு மருத்துவத்துக்கு வந்தவர். நாம் மூப்படைவதே இந்தத் துகள்களால்தான் என்று 1956-இல் எழுதினார். பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1969-இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும், சூப்பர் ஆக்சைடு என்ற ஒரு ராடிக்கலை ஒழிப்பதற்கென்றே நம் உடம்பு ஒரு நொதியை வைத்திருக்கிறது என்று காட்டினார்கள். எதிரி இல்லாமல் உடம்பு எதற்குக் காவல் வைக்கப்போகிறது? அதற்குப் பிறகு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 1985-இல் ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ் இதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற பெயரை நிலைநாட்டினார்.

சர்க்கரை நோயில் இதை இழுத்துக் கட்டியவர் நியூயார்க்கின் மைக்கேல் பிரவுன்லீ. சிறுவயதிலிருந்தே டைப் 1 சர்க்கரையோடு வாழ்ந்தவர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் எல்லா செல்லும்தானே அதில் ஊறுகிறது, ஏன் கண்ணின் சிறு ரத்தக்குழாயும் சிறுநீரகமும் நரம்பும் மட்டும் முதலில் கெடுகின்றன? பெரும்பாலான செல்கள் சர்க்கரை அதிகமானால் வாசலைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளும். இந்த செல்களுக்கு அது முடியாது. வெளியே எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவு. உள்ளே போன சர்க்கரை உடைந்து, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய், அங்கே எலக்ட்ரான்கள் நெரிசலாகி, வழிந்து, ஆக்சிஜனில் ஒட்டி சூப்பர் ஆக்சைடு ஆகின்றன. அதுவரை நான்கு தனித்தனிக் காரணங்களாக விளக்கப்பட்ட சர்க்கரைப் பாதிப்புகளை, இந்த ஒரு வழிசலிலிருந்து கிளம்புகிற நான்கு வாய்க்கால்களாக அவர் காட்டினார். 2001-இல் வந்த அந்தக் கட்டுரையை நான் ப்ரின்ட் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு வைத்திருந்தேன். இன்னும் இருக்கிறது.

சரி, இதையெல்லாம் படித்தவள் என்ன செய்வாள்? மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். பச்சை நிற விட்டமின் இ காப்ஸ்யூல், 400 மில்லிகிராம், பத்து ஒரு அட்டை. விட்டமின் இ, காறுவதைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட். ராடிக்கல் வியாதியைக் கொடுக்கிறது, ஆன்டிஆக்ஸிடன்ட் ராடிக்கலைப் பிடிக்கிறது, அப்படியென்றால் ஆன்டிஆக்ஸிடன்ட் வியாதியைத் தடுக்கும். மூன்று வரி. இதில் எங்கே ஓட்டை இருக்க முடியும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. டாக்டர் எழுதிக் கொடுக்காமலேயே அப்பாவின் மாத்திரை டப்பாவில் காலை அறையில் அதைப் போட ஆரம்பித்தேன். மூன்று வருடம் போட்டேன். மகள் படித்துவிட்டு வாங்கிக் கொடுக்கிறாள் என்று அவரும் ஒரு நாள் விடாமல் விழுங்கினார்.

அதற்கப்புறம் ஒரு செக்கப்புக்கு நான் கூடப் போனேன். புதிதாக வந்திருந்த பெண் டாக்டர். டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"ஐயா, இந்தப் பச்சை யார் எழுதினது?"

அப்பா என்னைக் கை காட்டினார். நான் பிரவுன்லீயை ஆரம்பித்தேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் டப்பாவின் அதே அறையிலிருந்து இன்னொரு மாத்திரையை எடுத்து மேசையில் பச்சைக்குப் பக்கத்தில் வைத்தார். ராமிப்ரில், ரத்த அழுத்த மாத்திரை.

"இது ரெண்டையும் ஒரே ட்ரையல்ல டெஸ்ட் பண்ணிட்டாங்கம்மா. ஹோப்னு பேரு. படிச்சுப் பாருங்க."

அன்று ராத்திரியே படித்தேன். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சலீம் யூசுஃப் தலைமையில் நடந்தது. அவர் கேரளத்தின் கொட்டாரக்கராவில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் படித்தவர். முடிவு வந்தது 2000 ஜனவரியில். 55 வயதுக்கு மேற்பட்ட சுமார் 9,500 பேர். இதயத்திலோ ரத்தக்குழாயிலோ ஏற்கெனவே நோய் உள்ளவர்கள், அல்லது சர்க்கரையோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருப்பவர்கள். அதாவது என் அப்பா. ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவை சீட்டுக் குலுக்கினார்கள். ஒன்று ராமிப்ரிலா, மருந்தில்லாத வெறும் மாத்திரையா என்பதற்கு. இன்னொன்று தினம் 400 யூனிட் விட்டமின் இ-யா, வெறும் காப்ஸ்யூலா என்பதற்கு. நாலரை வருடம் பார்த்தார்கள்.

ராமிப்ரில் எடுத்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்தது, அல்லது இதய நோயால் இறந்தார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் அது 17.8 சதவீதம். விட்டமின் இ பக்கம் பார்த்தால், எடுத்தவர்களில் 16.2, எடுக்காதவர்களில் 15.5. ஒரு பலனும் இல்லை. அதே ஆட்களில் பலரை ஏழு வருடம் வரை தொடர்ந்து பார்த்து 2005-இல் வெளியிட்டபோது, விட்டமின் இ எடுத்தவர்களுக்கு இதயம் செயலிழப்பது கொஞ்சம் கூடியே இருந்தது.

நான் அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே இதெல்லாம் அச்சில் வந்துவிட்டது. எங்கள் பாடத்தில் இல்லை. நாங்கள் படித்த ஆக்சிஜனேற்ற அழுத்தம் டெஸ்ட் ட்யூபோடு முடிந்துபோயிருந்தது. இன்று இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: ரோஸ் நிறத்தைப் பார்த்தாயா, நல்லது, இப்போது மனிதர்களைக் கொண்டு நடத்திய சோதனைகளை எடுத்துப் படி.

படித்தால் மனசு கலங்கும். ஃபின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் 1985-இல் தொடங்கிய சோதனையில் 29,133 பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் சிகரெட் பிடிக்கும் ஆண்கள், 50 முதல் 69 வயது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டின் தினம் 20 மில்லிகிராம் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. எதிர்பார்க்கக் காரணமும் இருந்தது. காய்கறி நிறையச் சாப்பிடுபவர்களுக்கு, ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கு, அந்தப் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுக்கு ஆய்வு சொல்லிக்கொண்டிருந்தது. 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். இறப்பும் 8 சதவீதம் அதிகம்.

அமெரிக்காவில் அதே நேரம் சிகரெட் பிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என்று 18,314 பேரை வைத்து இன்னொரு சோதனை ஓடிக்கொண்டிருந்தது. பீட்டா கரோட்டினும் விட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1996 ஜனவரியில் அதைக் குறித்த தேதிக்கு 21 மாதம் முன்பே நிறுத்தினார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியிருந்தது. அந்த ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களை நினைத்துப் பார்க்கிறேன். வேலை செய்த இடத்தில் நெஞ்சுக்குள் போன தூசு ஏற்கெனவே இருக்கிறது. நல்லது நடக்கும் என்று நம்பித் தினமும் ஒரு மாத்திரை விழுங்கினார்கள்.

இதில் என்னை அதிகம் உலுக்கியது ஒரு சின்ன விவரம். ஃபின்லாந்து சோதனை தொடங்கும்போது எடுத்த ரத்தத்தில் யாருக்குப் பீட்டா கரோட்டின் இயல்பாகவே அதிகம் இருந்ததோ, அவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் குறைவாகவே வந்தது. அதே ஊர், அதே ஆண்கள், அதே பொருள். தட்டிலிருந்து போனவருக்கு ஒரு மாதிரி, டப்பாவிலிருந்து போனவருக்கு வேறு மாதிரி. காய்கறி சாப்பிடுகிறவர் என்றால் அவர் வாழ்க்கையில் வேறு எத்தனையோ சேர்ந்து வரும். ரத்தத்தில் தெரிந்த பீட்டா கரோட்டின் அந்த வாழ்க்கையின் அடையாளம். அடையாளத்தை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக உருட்டினால் வாழ்க்கை கூடவே வந்துவிடாது. என் ரோஸ் ட்யூபும் அப்படி ஓர் அடையாளம்தான்.

பச்சைக் காப்ஸ்யூலுக்குத் திரும்ப வருகிறேன். 35,533 ஆண்களை வைத்து நடந்த செலக்ட் சோதனையில் கொடுத்ததும் தினம் 400 யூனிட் செயற்கை விட்டமின் இ. நம் கடைகளில் கிடைக்கிற அந்த 400 மில்லிகிராமும் இதே வகை, இதே அளவு. ப்ராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று ஆரம்பித்தார்கள். 2011-இல் பார்த்தபோது அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? என் மூன்று வரிக் கணக்கின் ஓட்டை முதல் வரியிலேயே இருந்தது. உடம்புக்குள் உண்டாகிற இந்த ஆக்சிஜன் பொருள்கள் எல்லாம் குப்பை என்று நினைத்துவிட்டேன். அவற்றில் பலவும் வேலைக்காரர்கள். கிருமியை விழுங்கிய வெள்ளையணு, அதைக் கொல்ல வேண்டுமென்றே சூப்பர் ஆக்சைடைத் தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்பு நொதி பிறவியிலேயே பழுதாக உள்ள குழந்தைகள் உண்டு. நாட்பட்ட கிரானுலோமா நோய் என்று பெயர். சாதாரண பூஞ்சையும் பாக்டீரியாவும் அவர்களைத் திரும்பத் திரும்பப் படுக்கையில் தள்ளிவிடும். அப்புறம் இன்சுலின். அது செல்லின் மேல் வந்து ஒட்டியதும் உள்ளே துளி ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அந்தத் துளி, இன்சுலின் கொண்டுவந்த செய்தியை அழிக்கிற ஒரு நொதியைக் கொஞ்ச நேரம் வாயடைத்து வைக்கிறது. செய்தி போய்ச் சேர்கிறது. சர்க்கரை நோயாளியின் உடம்பில் ஆக்சிஜனேற்றத்தைத் துடைத்தெடுக்கிறேன் என்று கிளம்பினால், எதைத் துடைக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

2009-இல் ஜெர்மனியின் யேனாவில் மைக்கேல் ரிஸ்டோ குழுவினர் சுமார் 40 இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பாதிப் பேருக்குத் தினம் 1,000 மில்லிகிராம் விட்டமின் சி, 400 யூனிட் விட்டமின் இ. மற்றவர்களுக்கு இல்லை. மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. எடுத்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. பயிற்சியின்போது தசையில் கிளம்புகிற ராடிக்கல்தான் உடம்பைத் தட்டி எழுப்புகிற சேதி. அதை மாத்திரை அமுக்கிவிட்டது. அப்பா தினமும் காலையில் அரசலாற்றங்கரையில் நாற்பது நிமிடம் நடப்பார். வந்ததும் டிபன், டிபன் முடிந்ததும் மாத்திரை. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சின்ன ஆய்வு, அப்பாவின் வயதும் வேறு, உடம்பும் வேறு. அதை அப்படியே அவர் மேல் வைத்துப் பார்க்க முடியாது என்று தெரியும். தெரிந்தாலும் மனசு கேட்கவில்லை.

இன்னொரு விஷயம் வேகம். உடம்பின் சொந்த நொதிகள் சூப்பர் ஆக்சைடையும் பெராக்சைடையும் பிடிக்கிற வேகத்துக்கு முன்னால், வெளியிலிருந்து போகிற விட்டமின் நிற்க முடியாது. விட்டமின் இ-யால் ஹைட்ரஜன் பெராக்சைடை ஒன்றும் செய்ய முடியாது. கொழுப்புச் சவ்வுக்குள் காறல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவதைத்தான் அது நிறுத்தும்.

அப்படியென்றால் ராமிப்ரில் ஏன் வேலை செய்தது? இங்கேதான் எங்கள் பாட்டி வாயில் அடிக்கடி வருகிற பழமொழி ஞாபகம் வந்தது: எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும். ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ரத்தக்குழாயைச் சுருக்கும், அழுத்தத்தை ஏற்றும். இது பழைய சேதி. 1990-களில் இன்னொன்றும் தெரியவந்தது. வெள்ளையணு கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் அந்த சூப்பர் ஆக்சைடு நொதியின் சொந்தக்கார நொதிகள் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கின்றன. ஆஞ்சியோடென்சின் அவற்றை முடுக்கிவிடுகிறது. ராமிப்ரில் அந்த ஹார்மோன் உண்டாவதையே குறைக்கிறது. ரத்த அழுத்தமும் இறங்குகிறது, சுவருக்குள் சூப்பர் ஆக்சைடு கிளம்புவதும் அடங்குகிறது. நான் பொங்கி வழிந்ததைத் துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மாத்திரை விறகை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே அறையில், தினமும், என் கையால் போட்டவை.

பெரிய விறகு சர்க்கரைதான். பிரவுன்லீயின் கட்டுரையே அதைத்தான் சொல்கிறது. நான்தான் அதில் ஆன்டிஆக்ஸிடன்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பிரிட்டனில் நடந்து 1998-இல் முடிவு வெளிவந்த யுகேபிடிஎஸ் ஆய்வில், டைப் 2 சர்க்கரை உள்ள 3,867 பேரைப் பத்து வருடம் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.9, தீவிரச் சிகிச்சையில் 7.0; அந்த வித்தியாசத்துக்கே கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. நான் பச்சை மாத்திரை போட்டுக்கொடுத்த காலத்தில் என் அப்பாவுடையது 9.8. டாக்டர் இரண்டு வருடமாக இன்சுலின் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். சத்து மாத்திரை இருக்கிறது என்ற தைரியமும் அதில் கொஞ்சம் இருந்தது. அந்தத் தைரியத்தைக் கொடுத்தவள் நான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், ஆன்டிஆக்ஸிடன்ட் எங்குமே பயன்படாது என்றில்லை. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிற நோயில், குறிப்பிட்ட கட்டத்தில் இருப்பவர்களுக்கு விட்டமின்களும் துத்தநாகமும் சேர்ந்த ஒரு கலவை நோய் முற்றுவதைக் குறைக்கிறது என்று 2001-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. கொழுப்புக் கல்லீரல் அழற்சியில் சர்க்கரை இல்லாதவர்களுக்கு விட்டமின் இ உதவியது 2010-இல் தெரியவந்தது. அந்தந்த நோய்க்கு, அந்தந்த அளவில், சோதித்துப் பார்த்துக் கிடைத்த பலன் அது. டாக்டர் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம், அவரிடமே கேளுங்கள். நானாக ஆரம்பித்ததுதான் என் தவறு.

மறுநாள் காலை அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, அந்தப் பச்சை மாத்திரை இனிமே வேண்டாம்ப்பா."

"ஏம்மா, நீதான வாங்கிக் குடுத்த?"

"ஆமாம்ப்பா. நான் சரியாப் படிக்காம குடுத்துட்டேன்."

அவர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தினார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "துணியில கத்திரி போடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அளந்துக்கணும்மா," என்றார். அப்புறம், "அந்த ஊசி எப்போ ஆரம்பிக்கணும்னு டாக்டர்கிட்ட கேளு" என்றார்.

எட்டு வருடம் ஆகிறது. காலையும் இரவும் அவரே வயிற்றில் போட்டுக்கொள்கிறார். சராசரி 7.4-க்கு வந்து நிற்கிறது. கண்ணுக்கு லேசர் வைத்ததில் மேற்கொண்டு மோசமாகவில்லை. மெஷினுக்கு மோட்டார் பொருத்திக் கொடுத்தோம், மிதிக்கிற வேலை இல்லை. காலின் மரத்துப்போன உணர்ச்சி திரும்பவில்லை. அது திரும்புவது அபூர்வம் என்று சொல்லித்தான் இருந்தார்கள். அதனால் ராத்திரி படுக்கப்போகும் முன் டார்ச் அடித்து, கைக்கண்ணாடி வைத்து, இரண்டு பாதத்தையும் பார்ப்பது என் வேலை. விரல் இடுக்கு, குதிகால், ஓரம்.

நேற்று இடது பாதத்தில் ஒரு குண்டூசி குத்திக்கொண்டிருந்தது. கடையிலிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறார். மெதுவாகப் பிடுங்கி, மருந்து வைத்துத் துடைத்தேன். அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, முடிஞ்சுதா?" என்று கேட்டார்.